இருபது பிறவுண் கவரும் ஒரு பயிற்சிக் கணக்கும்

போட்டோ கொப்பி எடுக்க வருகிறவர்கள் எங்கள் கடையில் மறந்து விட்டுப் போவது பெரும்பாலும் அடையாள அட்டைதான். மெஷின் மூடியைத் தூக்கினால் கண்ணாடியில் யாரோ ஒருவரின் முகம் குப்புறக் கிடக்கும். மே மாதக் கடைசியில் ஒரு நாள் அங்கே கிடந்தது ஒரு தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு பெண் பிள்ளை நாற்பது பக்கம் போல நோட்ஸ் கொப்பி எடுத்தாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடியவள் கடைசிப் பக்கத்தை மட்டும் கண்ணாடியிலேயே விட்டுவிட்டாள்.

திரும்பி வருவாள் என்று ஒரு கிழமை மேசையில் எடுத்து வைத்திருந்தேன். வரவில்லை. இலங்கை மலையகத்து ஹட்டனில் ஜூன் மழை பிடித்துவிட்டால் மத்தியானத்துக்குப் பிறகு கடைக்கு ஆள் வருவது குறைவு. சும்மா இருந்த நேரத்தில் அந்தத் தாளைப் பார்க்கத் தொடங்கினேன். கூட்டல் குறியும் இல்லை, சமன்பாடும் இல்லை. லாம்டா என்ற கிரேக்க எழுத்து, புள்ளி, அடைப்புக்குறி, அவ்வளவுதான். அடியில் ஒரு பயிற்சி: 2 என்ற சார்புக்கு 2-ஐயே கொடுத்தால் 4 வரும் என்று காட்டுக.

2 எப்படிச் சார்பாகும்? அதற்கே அதைக் கொடுப்பது என்றால் கூட்டுவதா, பெருக்குவதா? எப்படிச் செய்தாலும் 4 தானே வருகிறது. அந்த எரிச்சலில் ஆரம்பித்த வேலை ஏழு கிழமை இழுத்தது. அதில் செய்ததையும் சொதப்பியதையும் எழுதி வைக்கிறேன்.

நான் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுத்தவள். பைத்தன் என்ற நிரல் மொழி கொஞ்சம் தெரியும். கடையின் பில் கணக்குக்கு நான் எழுதிய சின்ன நிரல் இன்னும் ஓடுகிறது. பைத்தனில் லாம்டா என்றொரு சொல் இருப்பதும் தெரியும். பட்டியலை அடுக்கும்போது யாரோ எழுதியதைப் பார்த்து அப்படியே போட்டிருக்கிறேன், ஏன் அந்தப் பெயர் என்று கேட்டதில்லை. இது லாம்டா கல்குலஸ் என்று தெரிந்ததும் இணைந்த கணிதம் படிக்கிற தம்பி, "அக்கா, வகையீட்டுக் கொப்பி வேணுமா?" என்று கேட்டான். வகையீடும் இல்லை, தொகையீடும் இல்லை. கணிக்கிற ஒரு முறை என்ற அர்த்தத்தில்தான் இங்கே கல்குலஸ்.

இதை உண்டாக்கியவர் அலோன்சோ சர்ச் என்ற அமெரிக்கக் கணித அறிஞர். கணிதம் முழுவதற்கும் அடித்தளமாக ஒரு தர்க்க முறையைக் கட்டத்தான் 1932-இல் அவர் தொடங்கினார். அவரிடமே படித்த கிளீனி, ரோசர் என்ற இருவர் 1935-இல் அந்த முறைக்குள் முரண்பாடு இருக்கிறது என்று காட்டிவிட்டார்கள். கட்டடம் சரிந்தது, ஆனால் உள்ளே இருந்த கணிக்கிற பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை. சர்ச் அதைத் தனியே எடுத்து, எந்தக் கூற்று நிரூபிக்கத்தக்கது என்று தீர்மானிக்கிற பொதுவான செய்முறை கிடையாது என்பதை 1936-இல் காட்டினார். அதே வருடம் அலன் டியூரிங் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் தன் கற்பனை இயந்திரத்தை வைத்து அதே முடிவுக்கு வந்தார். இரண்டு முறைகளும் ஒரே அளவு வலுவுள்ளவை என்று அடுத்த வருடம் அவரே நிறுவினார். அதாவது இன்றைய கணினி கணிக்கக்கூடிய எதையும் அந்தத் தாளில் இருக்கிற புள்ளியையும் அடைப்புக்குறியையும் வைத்தே கணிக்கலாம். இதைப் படித்த பிறகுதான் தாளைத் தூக்கிப் போட மனம் வரவில்லை.

சரி, சாமான்களுக்கு வருகிறேன்.

இந்தக் கல்குலஸில் மூன்றே மூன்று பொருள்கள். ஒன்று பெயர். இரண்டு சார்பு: ஒரு பெயரைத் தலையில் வைத்து, உள்ளே ஏதோ ஒன்றை வைத்திருப்பது. மூன்று கொடுத்தல்: ஒன்றை இன்னொன்றுக்குப் பக்கத்தில் வைப்பது. வேறு எதுவும் கிடையாது, எண்கூடக் கிடையாது. இதன் பெயருக்கு முன்னால் சேர்க்கிற 'வகையற்ற' என்ற சொல்லுக்கு அர்த்தம், எதை எதற்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், தடுக்க ஆளில்லை என்பது. கிரேக்க எழுத்து எனக்குக் கைவராததால் 'ல' என்று போட்டுக்கொண்டேன். 'ல க. க' என்றால், க என்று ஒன்றை வாங்கி அதையே திருப்பித் தருகிற சார்பு.

பார்த்தால் விளங்குகிற மாதிரித்தான் இருக்கிறது. நான்கு வரி எழுதியதும் எந்த க எந்தத் தலையைச் சேர்ந்தது என்று தெரியாமல் போனது. அதனால் கடையில் விற்கிற சின்ன பிறவுண் கவர் இருபதை எடுத்தேன், என் கணக்கில் எழுதித்தான். லெமினேட் செய்து வெட்டிய ஓரங்களில் சீட்டு வெட்டினேன். கவரின் மேல் 'ல க' என்று எழுதினால் அது ஒரு சார்பு. உள்ளே க என்று எழுதிய சீட்டுகளும், வேண்டுமானால் வேறு கவர்களும் இருக்கும். கவருக்கு வலது பக்கத்தில் வைப்பது அதற்குக் கொடுக்கிற சரக்கு. விதி ஒன்றே ஒன்று: கவரைக் கிழி, உள்ளே அந்தப் பெயருள்ள சீட்டு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் சரக்கின் ஒரு பிரதியை வை, சீட்டை எறி.

பிரதி எடுக்கப் போட்டோ கொப்பி மெஷின் பக்கத்திலேயே இருக்கிறது என்றுதான் முதலில் சந்தோஷப்பட்டேன். கவரை மெஷினில் வைத்தால் வெளிப்பக்கம்தான் வரும், உள்ளே இருப்பது வராது. கையால்தான் எழுத வேண்டியிருந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை செய்தது உண்மையும் பொய்யும். 'ல க. ல ச. க' என்பது உண்மை: இரண்டு பொருளை வாங்கி முதலாவதைத் தருவது. 'ல க. ல ச. ச' என்பது பொய்: இரண்டாவதைத் தருவது. இரண்டு பொருளா, சார்பு ஒன்றைத்தானே வாங்கும் என்று கேட்கலாம். முதல் கவரைக் கிழித்தால் உள்ளே இருந்து இரண்டாவது கவர் வரும், அது அடுத்ததை வாங்கும். பைத்தனில் 'இப்படியானால் இது, இல்லாவிட்டால் அது' என்று எழுத நாலு சொல் வேண்டும். இங்கே உண்மைக்குப் பக்கத்தில் இரண்டு பொருளை வைத்தால் அதுவே ஒன்றைப் பொறுக்கிக்கொள்கிறது. எனக்கு முதலில் பிடித்துப்போனது இதுதான்.

அன்றைக்கே முடிவில்லாத ஒன்றையும் செய்து பார்த்தேன். 'ல க. க க' என்று ஒரு கவர். உள்ளே இரண்டு க சீட்டு, பக்கத்துப் பக்கத்தில். அதற்குச் சரக்காக அதே மாதிரி இன்னொரு கவர். இடது கவரைக் கிழித்தால் இரண்டு சீட்டும் போய், அந்த இடத்தில் வலது கவரின் இரண்டு பிரதிகள். அதாவது பழையபடி அதே இரண்டு கவர். மறுபடி கிழி, மறுபடி அதே. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கவர் கிழிகிறது, ஒரு புதுக் கவர் வேண்டும். ஏழாவது சுற்றில் அம்மா வந்து, "காசு குடுத்து வாங்கினத ஏன் கிழிச்சிக்கிட்டு இருக்க?" என்று கேட்டதும் நிறுத்தினேன்.

ஆனால் அந்த முடிவில்லாத சோடியை வைத்து ஒரு விஷயம் பிடிபட்டது. உண்மைக்கு முதல் பொருளாக ம, இரண்டாவது பொருளாக அந்தச் சோடியைக் கொடுத்தேன். வலது பக்கத்தைக் கிழித்து முடித்துவிட்டுத்தான் கொடுப்பேன் என்று உட்கார்ந்தால் விடிய விடியக் கிழிக்கலாம். இடது பக்கத்து வெளிக்கவரை முதலில் கிழித்தால் இரண்டே படியில் ம வந்துவிடும், சோடியைத் தொடவே தேவையில்லை. எந்தக் கவரை முதலில் கிழிப்பது என்பது நம் விருப்பம். எந்த வழியில் போனாலும், முடிந்தால் முடிவு ஒன்றுதான். இதை சர்ச்சும் ரோசரும் 1936-இல் நிறுவினார்கள். ஆனால் எல்லா வழியும் முடியும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. இடது பக்கத்தில் எல்லாவற்றுக்கும் வெளியே இருக்கிற கவரை முதலில் கிழிக்கிற ஒழுங்கு, முடிவு என்று ஒன்று இருந்தால் கட்டாயம் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். அதன் பிறகு அந்த ஒழுங்கையே பிடித்துக்கொண்டேன்.

இனி எண்கள். தாளின் நடுவில் 2 என்பது இப்படி இருந்தது: ல செ. ல ப. செ (செ ப). செ என்று ஒரு வேலையையும் ப என்று ஒரு பொருளையும் வாங்கி, அந்தப் பொருளுக்கு அந்த வேலையை இரண்டு தடவை செய்வது. 3 என்றால் மூன்று செ. 0 என்றால் செ ஒன்றுமே இல்லை, ப மட்டும். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தை ஒரு நாளில் மூன்று தடவை நிறுப்பார்கள். சர்ச்சின் 3 என்பது நிறுத்த கிலோ அல்ல, 'மூன்று தடவை' என்கிற அந்தத் தடவைதான். என்ன வேலை என்று அதற்குக் கவலையில்லை.

0-ஐ எழுதி முடித்துவிட்டுப் பார்த்தால் அது பொய்யின் கவர். ல செ. ல ப. ப என்பதும் ல க. ல ச. ச என்பதும் எழுத்தில்தான் வேறு, வேலையில் ஒன்று. வகையில்லாத உலகத்தில் பூச்சியமும் பொய்யும் ஒரே கவருக்குள் கிடக்கின்றன, வித்தியாசம் நம் மனதில்தான்.

கூட்டல் என்பது ல ம. ல ந. ல செ. ல ப. ம செ (ந செ ப). முதலில் ந தடவை செய், அதன் மேல் ம தடவை செய். 2-ஐயும் 3-ஐயும் கொடுத்து மேசையில் பரப்பினேன். சரியாக ஆறு கவர் கிழிந்தது. கடைசியில் ஐந்து செ சீட்டும் ஒரு ப சீட்டும் வரிசையாகக் கிடந்தன. சின்ன விஷயம்தான், ஆனாலும் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அஞ்சுன்னு எனக்கு முன்னமே தெரியும்" என்றுவிட்டுப் போய்விட்டான்.

பயிற்சிக்கு வந்தபோது கவர் போதவில்லை. 2-க்கு 2-ஐக் கொடுத்தால் கவருக்குள் கவர், அதற்குள் கவர். மூன்றாவது படியில் மேசை நிறைந்துவிட்டது. அப்போதுதான் இதை ஒரு நிரலாக எழுதிவிடலாம் என்று இறங்கினேன். பைத்தனில் மாறிகளுக்கும் சார்புகளுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். 'மாற்று', 'ஒருபடி', 'அச்சிடு' என்று மூன்று சார்பு எழுதினேன். எழுதியதில் பாதியை ஒரு நாள் கரண்ட் கொண்டுபோய்விட்டது, அதை விடுங்கள்.

முதல் பிழை தமிழால் வந்தது. எழுதியதைப் படித்துப் பிரிக்கிற பகுதியில், ஒவ்வொரு எழுத்தாக எடுத்து 'இது எழுத்தா?' என்று பைத்தனிடமே கேட்டு, ஆமென்றால் பெயரில் சேர்க்கச் சொல்லியிருந்தேன். க, ச, ப எல்லாம் ஒழுங்காகப் போயின. செ வந்ததும் நின்றுவிட்டது. நமக்கு செ ஓர் எழுத்து. கணினிக்கு அது ச ஒன்று, கொம்பு ஒன்று, இரண்டு குறிகள். ச-வை எழுத்து என்று ஒப்புக்கொள்கிற பைத்தன், கொம்பைக் கேட்டால் எழுத்தில்லை என்கிறது. கால், கொம்பு, விசிறி, புள்ளி எதைக் கேட்டாலும் அதே பதில்தான். ஆனால் மாறிக்குப் பெயர் வைக்கும்போது மட்டும் அதே கொம்பை மறுப்பில்லாமல் ஏற்றுக்கொள்கிறது! இடைவெளி, முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி தவிர மற்ற எல்லாமே பெயரின் பகுதி என்று கேள்வியைத் திருப்பிப் போட்டதும் சரியாகிவிட்டது. இதற்குப் போனது ஒரு முழு இரவு. தமிழில் நிரல் எழுதிப் பார்க்க நினைப்பவர்கள் இந்தக் கொம்பை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள்.

பிறகு எல்லாம் சுமுகம். 2-உம் 3-உம் கூட்டினால் ஐந்து செ. பெருக்கல் ல ம. ல ந. ல செ. ம (ந செ). அதிலும் 2-க்கும் 3-க்கும் ஆறு செ வந்தது. சந்தோஷமாகப் பயிற்சியைக் கொடுத்தேன். வந்த விடை இது:

ல ப. ல ப. ப (ப ப) (ப (ப ப) (ப (ப ப)))

நான்கு தடவை ஒரு வேலை, கடைசியில் ஒரு பொருள் என்று வர வேண்டியது. இதில் வேலை எது, பொருள் எது? ஒன்பது ப வரிசையாக நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. மூன்று இரவு நிரலை வரி வரியாகப் பார்த்தேன். கூட்டல் சரி, பெருக்கல் சரி, அதனால் 'மாற்று' சரியாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டிக்கொண்டு மற்ற எல்லா இடத்திலும் தேடினேன். பிழை 'மாற்று'க்குள்தான் இருந்தது.

அதைக் காட்டித் தந்தவர் மாமா. அம்மாவின் அண்ணன், தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். மழைக்கு ஒதுங்கி வந்தவர் பிளேன்டீ குடித்துக்கொண்டே மேசையில் பரப்பியிருந்த கவர்களைப் பார்த்தார். என்ன இது என்று கேட்டார். கணக்கு என்றேன். ஒரு கவரை எடுத்து மேலே பார்த்தார், உள்ளே இருந்த கவரை எடுத்து அதன் மேலே பார்த்தார்.

"ரெண்டுலயும் ப-ன்னு போட்டிருக்கியே புள்ள. உள்ள கெடக்கிற இந்தச் சீட்டு எந்த ப-வோட ஆளு?"

"உள்ள இருக்கிற கவரோடது மாமா."

"வெளிய இருந்து வந்து விழுந்ததுன்னா?"

நான் பேசாமல் இருந்தேன். அவர் விடவில்லை. "நம்ம டிவிஷன்ல நாலு மாரியாயி. பேரை மட்டும் பாத்துப் பேர் போட்டா சம்பளத்தன்னைக்கு அடிதடிதான். செக்ரோல்ல நம்பர் இருக்கும். நம்பரைப் பாத்துத்தான் போடணும்."

செக்ரோல் என்பது தோட்டத்தில் ஆட்களின் வேலையைப் பதிகிற பேரேடு. தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலைக்கும் அதுதான் சொல். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். வேலை செய்தது ஒரு மாரியாயி, பேர் விழுந்தது இன்னொரு மாரியாயிக்கு என்றால் என்ன நடக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

நடந்தது இதுதான். 2-க்கு 2-ஐக் கொடுத்து ஒரு கவர் கிழித்தால் ல ப. 2 (2 ப) வருகிறது. இதுவரை சரி. இங்கே உள்ளே இருக்கிற ப சீட்டு வெளிக்கவருக்குச் சொந்தம். அடுத்த படியில் '2 ப' என்கிற முழுத் துண்டும் இடது பக்கத்து 2-க்குள் செ இருக்கிற இடங்களில் போக வேண்டும். அந்த 2-க்குள் என்ன இருக்கிறது? ல ப. செ (செ ப). உள்ளே இன்னொரு ப கவர். வெளிக்கவரின் ப, செ இருந்த இடத்துக்குப் போய் விழுந்ததும் இந்த உள்கவர் அதைத் தன் ஆள் என்று பிடித்துவைத்துக்கொள்கிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் நிரலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வெளிக்கவருக்கு ஒரு சீட்டும் மிஞ்சவில்லை. கூட்டலிலும் பெருக்கலிலும் உள்ளே போகிற சரக்கில் வெளியார் யாராவது இருந்தால் அது செ மட்டும்தான், நுழைகிற கவரோ ப கவர். அதனால் மோதவில்லை, எனக்கும் சந்தேகம் வரவில்லை.

தமிழில் எழுதினால் திருத்திய 'மாற்று' இவ்வளவுதான்:

பெயர் மட்டும் வந்தால்: தேடுகிற பெயர் என்றால் சரக்கை வை, இல்லையென்றால் அப்படியே விடு.
கொடுத்தல் வந்தால்: இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகப் போ.
கவர் வந்தால், மேலே தேடுகிற பெயரே இருந்தால்: தொடாதே, உள்ளே இருப்பவை அந்தக் கவரின் ஆட்கள்.
கவர் வந்தால், மேலே இருக்கிற பெயர் சரக்குக்குள் யாருக்கும் சொந்தமில்லாமல் திரிந்தால்: முதலில் கவரின் பெயரையும் அதன் சீட்டுகளின் பெயரையும் புதிதாக மாற்று, பிறகு உள்ளே போ.
மற்றபடி: உள்ளே போ.

நான்காவது வரி என்னிடம் இருக்கவில்லை. பாடப் புத்தகங்கள் இதை ஆல்ஃபா மாற்றம் என்று சொல்லிவிட்டு, சிக்கல் வராதபடி பெயர் வைத்துக்கொள்வோம் என்று ஒரு வாக்கியத்தில் கடந்து போகின்றன. மனிதர்கள் படிக்கிற கணக்குக்கு அது போதும். நிரல் எழுதுகிறவருக்கு அந்த ஒரு வாக்கியத்தில்தான் முழு வேலையும் இருக்கிறது. என்னைக் கேட்டால் லாம்டா கல்குலஸில் கஷ்டமான விஷயம் சார்பும் இல்லை, எண்ணும் இல்லை. எந்தப் பெயர் யாருடையது என்பதுதான்.

மாமா சொன்ன மாதிரியே பெயருக்குப் பின்னால் நம்பர் போட்டேன். மோதினால் ப என்பது ப1 ஆகும், அதுவும் மோதினால் ப2. மறுபடி பயிற்சியைக் கொடுத்தேன்:

ல ப. ல ப1. ப (ப (ப (ப ப1)))

நான்கு தடவை. முதல் கவரின் பெயர் செ என்று இல்லாமல் ப என்று இருக்கிறது, அதனால் ஒன்றும் இல்லை. இது 4. கூட்டலால் வந்த 4-உம் இல்லை, பெருக்கலால் வந்ததும் இல்லை. 3-க்கு 2-ஐக் கொடுத்துப் பார்த்தேன், எட்டு வந்தது. இரட்டிப்பதை மூன்று தடவை செய், அதாவது 2-இன் மூன்றாம் அடுக்கு. அந்தத் தாளை எழுதியவர் 2-ஐயும் 2-ஐயும் கொடுத்தது குறும்பு என்றுதான் நினைக்கிறேன். எப்படிச் செய்தாலும் 4 வருகிற ஒரே இடம் பார்த்து வைத்திருக்கிறார்.

விடை சரியா என்று நிரலே பார்க்க வேண்டுமானால் பெயர்கள் தொல்லை. செ, ப என்று எழுதிய 4-உம் ப, ப1 என்று எழுதிய 4-உம் ஒன்றுதான் என்று எப்படித் தெரியும்? இதற்கு டி புரூய்ன் என்ற நெதர்லாந்துக்காரர் 1972-இல் சொன்ன வழி இருக்கிறது: பெயரே வேண்டாம், சீட்டில் எண்ணை மட்டும் எழுது. அந்தச் சீட்டிலிருந்து வெளியே போகப் போக எத்தனையாவது கவர் அதற்குச் சொந்தம் என்கிற எண். 2 என்பது ல ல 2 (2 1) ஆகிவிடும். மாமாவின் செக்ரோல் நம்பர் மாதிரிதானே என்று முதலில் நினைத்தேன். இல்லை. செக்ரோல் நம்பர் ஆள் எங்கே போனாலும் கூடவே போகும், ப1 மாதிரி. இது லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வழி சொல்கிற மாதிரி. "நீ நிக்கிற எடத்துல இருந்து மேல ரெண்டாவது காம்பரா" என்றால் நிற்கிற இடம் மாறினால் எண்ணும் மாறும். சரக்கை ஒரு கவருக்குள் தள்ளும்போதெல்லாம் அதிலுள்ள வெளியாள் எண்களை ஒன்று கூட்ட வேண்டியிருக்கிறது, அதில் நான் அடிக்கடி தவறினேன். அதனால் கணக்கைப் பெயரை வைத்தே செய்கிறேன். இரண்டு விடையை ஒப்பிடும்போது மட்டும் இரண்டையும் இந்த எண்ணுக்கு மாற்றிப் பார்க்கிறேன். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் ஒன்றுதான்.

அப்புறம் கழித்தல். கூட்டுவதும் அடுக்குவதும் இவ்வளவு சுலபமாக வருகிற இடத்தில், ஓர் எண்ணிலிருந்து ஒன்றைக் குறைப்பது மலையாக நிற்கிறது. மூன்று தடவை செய் என்று சொல்லத் தெரிந்த கவருக்கு, ஒரு தடவை குறைத்துச் செய் என்று எப்படிச் சொல்வது? கிளீனிக்கு இந்த வழி பல் வைத்தியரிடம் இருந்தபோது தோன்றியது என்று அவரே சொல்லியிருக்கிறார். வழி இப்படி: சோடி ஒன்று வைத்துக்கொள், 0-உம் 0-உம். ஒவ்வொரு தடவையும் வலது பக்கத்தில் இருப்பது இடது பக்கம் வரட்டும், வலது பக்கத்தில் ஒன்று கூடட்டும். மூன்று தடவை செய்தால் சோடி 2, 3. இடது பக்கத்தை எடுத்துக்கொள். எப்போதும் ஒரு படி பின்னால் நடந்து வருகிற ஆளை வைத்துக் கழிப்பது. கவர்களை வைத்து இதைச் செய்யப் போகாதீர்கள். நான் 1-இலிருந்து ஒன்றைக் கழித்து 0 எடுப்பதற்குள் பசை போத்தல் முடிந்துவிட்டது.

கடைசியாகத் தொட்டது தன்னைத்தானே அழைக்கிற வேலை, தொடர்பெருக்கம் (3-க்கு என்றால் 3 × 2 × 1) மாதிரி. இங்கே சார்புக்குப் பெயர் வைத்து அந்தப் பெயரால் கூப்பிட வழியில்லை. அந்த முடிவில்லாத சோடியை ஞாபகம் இருக்கிறதா, ஏழு கவரைத் தின்றது? அதையே கொஞ்சம் பழக்கி எடுத்தது இது: ல செ. (ல க. செ (க க)) (ல க. செ (க க)). ஒவ்வொரு சுற்றிலும் வெளியே ஒரு செ-யை விட்டுவிட்டுத் திரும்பவும் தன்னையே செய்துகொள்ளும். செ தனக்குப் போதும் என்றால் மிச்சத்தைத் தொடாமல் எறிந்துவிடலாம். என் நிரலில் 3-இன் தொடர்பெருக்கம் 6 என்று வந்தது. அதே வரியைப் பைத்தனின் சொந்த லாம்டாவால் எழுதினால் ஆழம் தாண்டிவிட்டது என்று கத்திக்கொண்டு விழுகிறது. பைத்தன் சரக்கை முதலில் கணித்துவிட்டுத்தான் கொடுக்கும், சாதாரணமாக ஆயிரம் அடுக்குக்கு மேல் போகவும் விடாது. முதல் ஞாயிற்றுக்கிழமை வலது பக்கத்தை முதலில் கிழிக்கப் போன அதே பிழை. 'க க' என்பதை 'ல ச. க க ச' என்று இன்னொரு கவருக்குள் போட்டு, கேட்கும்வரை திறக்காதபடி வைத்தால் பைத்தனிலும் ஓடுகிறது.

4-இன் தொடர்பெருக்கத்துக்கு என் நிரல் ஊர்கிறது. காரணம் தெரியும். கணிக்காத சரக்கை அப்படியே மூன்று இடத்தில் பிரதி வைத்தால் பிறகு அதே கணக்கை மூன்று தடவை செய்ய வேண்டும். பிரதிக்குப் பதிலாக மூன்று இடத்திலும் ஒரே கவரைச் சுட்டிக்காட்டிவிட்டு, ஒருவர் திறந்தால் மற்றவர்களுக்கும் திறந்ததாக வைத்துக்கொள்ளலாம். ஹாஸ்கெல் மொழி ஓடுவது அப்படித்தான். அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். 'மாற்று'வைக் கிட்டத்தட்ட முழுதாகக் கிழித்துப் போட வேண்டியிருக்கிறது.

தாளுக்குச் சொந்தக்காரி இன்னும் வரவில்லை. கவர்களில் நல்லதாக இருந்த எட்டை மாமா தன் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கடதாசிகளைப் போட்டு வைக்க எடுத்துப் போய்விட்டார். பேனையால் எழுதியது என்பதால் அழிக்க முடியவில்லை. போன கிழமை அவர் வீட்டு அலுமாரியில் பார்த்தேன், எல்லாவற்றுக்கும் மேலே இருந்த கவரில் 'ல செ' என்று இருந்தது. அதற்குக் கீழே அவர் கையெழுத்தில், அடைப்புக்குறிக்குள், ஒரு நம்பர்.